முன்னாடி போய் உட்காருடா

இப்போது நான் நடக்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறையிலிருந்து தெருவாசல் வரைக்கும், பிறகு அங்கிருந்து திரும்பப் படுக்கையறைக்கு. புதுச்சேரி நெல்லித்தோப்பில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். வாசலில் வந்து நின்றால் போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று விசாரித்துவிட்டுத்தான் போகும். "எப்படி இருக்கீங்க மாஸ்டர்?" என்பார்கள். அடுத்த கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் கண்ணில் தெரியும். விமானம் விழுந்தபோது எப்படி இருந்தது, நீங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தீர்கள் என்பதுதான் அது. கேட்டால் எரிந்து விழுவேன் என்று பயம். எரிந்து விழுகிற ஆள்தான் நான். இருபத்தாறு வருஷம் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியராக மைதானத்தில் கத்தியே காலம் தள்ளியவன். கேட்காதவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். முதுகு உடைந்து படுத்திருக்கிறவர்களுக்கு உபயோகப்படும், எழுதுங்கள் என்று பிசியோதெரபி பார்க்கும் பெண்ணும் சொன்னாள். அதையும் எழுதுகிறேன். ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அந்த விமானத்தில் ஒரு சீட்டைப் பற்றி.

எங்கள் வாலிபால் அணி மண்டலப் போட்டியில் ஜெயித்தது. அடுத்தது வடக்கே, பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடக்கும் போட்டி. வழக்கமாக இதற்கெல்லாம் ரயில்தான். இரண்டு நாள் ஸ்லீப்பரில் கக்கூஸ் பக்கத்து பெர்த்தில் சுருண்டு கிடந்து, இறங்குகிற அன்றைக்கே ஆடித் தோற்றுவிட்டு வருவோம். இந்த முறை பழைய மாணவர் ஒருவர் எல்லோருக்கும் விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். குடும்பமே பாரீசில் இருக்கிறது. "பசங்க ஃப்ரெஷ்ஷா போய் ஆடட்டும் மாஸ்டர்" என்று போனில் சொன்னார். பாவம், இப்போது என் போனை அவர் எடுப்பதே இல்லை. பன்னிரண்டு பையன்களில் ஒருவன்கூட அதற்கு முன் விமானம் ஏறியதில்லை. நானும் ஏறியதில்லை. அதை அவர்களிடம் சொல்லவில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வாலிபாலில் ஆறு பேரும் ஒரு வரிசைப்படி சுற்றிச் சுற்றி இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். வரிசை தப்பினால் புள்ளி எதிரிக்குப் போய்விடும். அந்த வரிசை பையன்களின் ரத்தத்தில் ஊற வேண்டும் என்று, பஸ்ஸோ ரயிலோ, எங்கே போனாலும் அதே வரிசையில்தான் உட்கார வைப்பேன். ஆடுகிற ஆறு பேர் முன்னால், மாற்று ஆட்டக்காரர்கள் அவர்களுக்குப் பின்னால், கடைசி வரிசையில் நானும் லிபரோவும். லிபரோ என்றால் பின்வரிசையில் நின்று பந்தை எடுக்க மட்டும் இருக்கிறவன். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருப்பான், அதனால் எப்போதும் என் பக்கத்தில் இருக்க வேண்டும். பின்னால் உட்கார்ந்தபடியே பிடரிகளை எண்ணுவேன். பக்கத்தில் இருக்கிறவனையும் சேர்த்துப் பன்னிரண்டு வந்தால் சரி. முகத்தைவிட எனக்கு என் பையன்களின் பிடரிதான் நன்றாகத் தெரியும். யாருக்குச் சுழி எங்கே, யார் முடிவெட்டக் காசு கேட்டு அப்பாவிடம் திட்டு வாங்கியிருக்கிறான், எல்லாம் தெரியும்.

முதல் விமானம் பெரியது. அதிலிருந்து இறங்கி மாறிய இரண்டாவது சின்னது, இறக்கையில் காற்றாடி சுற்றுகிற ரகம். இந்தப் பக்கம் இரண்டு சீட், அந்தப் பக்கம் இரண்டு சீட். பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. எங்களுக்குக் கொடுத்த சீட்டுகள் மூலைக்கு ஒன்றாக இருந்தன. நான் எழுந்து நின்று என் வரிசைப்படி மாற்ற ஆரம்பித்தேன். பணிப்பெண் வந்து, "சார், உட்காருங்க" என்றாள். "ஒரு நிமிஷம்மா, இது எங்க டீம் வழக்கம்" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டாள். அவளும் இப்போது இல்லை.

தினா, அதாவது தினகரன், எங்கள் செட்டர். பந்தைத் தூக்கிக் கொடுத்து மற்றவர்களை அடிக்க வைப்பவன். அணிக்கு மூளை மாதிரி. தவளக்குப்பத்துப் பையன். அவன் ஏறியதுமே கடைசி வரிசையில் எனக்குப் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துவிட்டான். "இங்க என்னடா பண்றே? வரிசை மறந்து போச்சா? முன்னாடி போய் உட்காருடா" என்றேன். அவன் ஏதோ சொன்னான். அதைப் பிறகு சொல்கிறேன். நான் இரண்டாவது தடவை கத்தினதும் எழுந்து போனான். முன்னால் உட்கார்ந்திருந்த லிபரோ பிரவீனைப் பின்னால் கூப்பிட்டு அந்த சீட்டில் உட்கார வைத்துக்கொண்டேன்.

மழையில் இறங்கும்போது விழுந்தது. ஏன் விழுந்தது என்று விசாரிக்கிறார்கள். அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிடரிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒன்பது வரைக்கும் எண்ணினேன். பிறகு சேறு, டீசல் மாதிரி ஒரு நாற்றம், என் பக்கத்தில் பிரவீன் "மாஸ்டர், மாஸ்டர்" என்று கூப்பிடுவது. எங்கள் வால்பக்கம் தனியாக முறிந்து வயலில் கிடந்தது. முன்பக்கம் எரிந்துபோனது. எங்கள் அணியில் பதினோரு பையன்கள் போய்விட்டார்கள். பிரவீனும் நானும் மட்டும் மிஞ்சினோம்.

அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பத்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். விலா எலும்பு நான்கு போயிருந்தது, நுரையீரலில் அடி, முதுகில் முறிவு. அங்கே இருப்பவர்களுக்கு மூளை கொஞ்சம் தடுமாறும் என்று பிறகு டாக்டர் சொன்னார். வலி மருந்து, காய்ச்சல், பகலா இரவா தெரியாத டியூப்லைட், எல்லாம் சேர்ந்து இல்லாததைக் காட்டும். எனக்கு என் பையன்களைக் காட்டியது. காலடியில் வரிசையாக நின்றார்கள், ஜெர்சி நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு. "ஏன்டா ஈரத்தோட நிக்கிறீங்க, துவட்டுங்கடா" என்று திட்டினேனாம். தமிழ் தெரியாத நர்ஸ் என் மனைவி ஆக்னசைக் கூப்பிட்டு வந்து காட்டினாளாம். வியாதிதான், புரிகிறது. ஆனால் ஒன்று மட்டும் இன்றைக்கும் என்னைப் பிடித்து உலுக்குகிறது. அந்த வரிசையில் பத்துப் பேர்தான் நின்றார்கள். தினா ஒரு நாள்கூட வரவில்லை. அவன் என்மேல் கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முதுகெலும்பு என்பது கட்டை கட்டையாக அடுக்கியது. எனக்கு இடுப்புக்கு மேலே ஒரு கட்டை நொறுங்கிப்போயிருந்தது. "பிஸ்கட் பாக்கெட் மேல ஒக்காந்தா நடுவுல ஒண்ணு தூளாயிடும் இல்ல சார், அது மாதிரி" என்றார். அதற்குப் பின்னால்தான் தண்டுவடம் ஓடுகிறது, காலுக்குப் போகிற நரம்பெல்லாம் அதில்தான். தூளான துண்டு ஒன்று அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அறுந்து போகவில்லை என்றார். ஊசியால் கால் முழுக்கக் குத்திக் குத்தி, "இது தெரியுதா? இது?" என்று கேட்டார். தொடையில் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது. பெருவிரலை ஆட்டச் சொன்னார். மனசால் ஆட்டினேன். விரல் சும்மா கிடந்தது. ஆக்னஸ் அந்தப் பக்கம் திரும்பி ஜன்னல் கம்பியைத் துடைத்தாள்.

எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டும் என்றார்கள். குழாய்க்குள் படுக்க வைத்து உள்ளே தள்ளுவார்கள். வலிக்காது, சத்தம்தான் அதிகம். காதை அடைக்கப் பஞ்சு தருவார்கள், பயந்தால் அழுத்தக் கையில் ஒரு ரப்பர் உருண்டையும் தருவார்கள். சத்தம் ஆரம்பித்தது. தலைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் வெள்ளைக் கூரை, இரண்டு பக்கமும் சுவர், காதுக்குள் இடிக்கிற இரைச்சல். நான் மறுபடியும் கடைசி வரிசையில் இருந்தேன். உருண்டையை நசுக்கி நசுக்கி அது பிய்ந்தே போயிருக்கும். வெளியே இழுத்தார்கள். "இன்னும் பத்து நிமிஷந்தான் சார், மாஸ்டர் நீங்களே பயந்தா எப்பிடி" என்றான் அந்த டெக்னீஷியன். நல்ல பையன்தான். அவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

அறுவை சிகிச்சையில் நொறுங்கின கட்டைக்கு மேலும் கீழும் திருகாணி போட்டுக் கம்பியால் இணைத்தார்கள். செலவைப் பற்றி ஆக்னஸ்தான் எழுத வேண்டும். அப்போது கேட்டதற்கு, "மொதல்ல கால ஆட்டுங்க, அப்பறம் சொல்றேன்" என்றாள்.

இந்த மாதிரி முதுகு உடைந்தவனைப் புரட்டுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் முதுகில் புண் வந்துவிடும், அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். ஆனால் முதுகு முறுக்கிக்கொள்ளக் கூடாது. மரத்துண்டை உருட்டுகிற மாதிரி மொத்த உடம்பையும் ஒரே சமயத்தில் உருட்ட வேண்டும். அதற்கு நான்கு பேர் வேண்டும். ஒருவர் தலை, ஒருவர் தோள், ஒருவர் இடுப்பு, ஒருவர் கால். தலையைப் பிடித்த நர்ஸ் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்ல வேண்டும். மூன்றில் எல்லோரும் ஒன்றாக உருட்ட வேண்டும். வார்டில் ஆள் பற்றாது. ஆக்னஸ் காலைப் பிடிப்பாள். இடுப்பைப் பிடிக்கத்தான் பலமான ஆள் வேண்டும், பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்களை எல்லாம் கெஞ்சிக் கூப்பிடுவாள்.

அப்போதுதான் ஏழுமலை வந்தார். தினாவின் அப்பா. காரியம் முடிந்த மறுநாள், தாடியோடு, கையில் ஒரு டிபன் கேரியரோடு வார்டு வாசலில் நின்றார். பாகூர் பக்கம் போகிற தனியார் பஸ்ஸில் டிரைவர் அவர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள நினைத்தேன், தானாகத் திரும்ப முடியாதே. அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்து நர்ஸ், "திருப்பணும், யாராவது இடுப்பப் பிடிங்க" என்றாள். ஏழுமலை கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். பஸ் ஸ்டியரிங் பிடித்த கை. முதல் தடவையாக வலிக்காமல் திரும்பினேன்.

அன்றிலிருந்து தினமும் வந்தார். முதலாளி லீவு கொடுத்திருக்கிறார் என்றார். காலையில் இட்லி கொண்டுவருவார். மூன்று தடவை, நான்கு தடவை என்னைத் திருப்பிவிட்டு சாயந்திரம் போவார். என் பையன் கடைசியாக யாரோடு இருந்தானோ அவரோடு கொஞ்ச நேரம் இருக்கிறேன் என்று ஆக்னசிடம் சொன்னாராம். எனக்கு ஒரு இட்லியைத் தின்ன அரை மணி நேரம் ஆகும். "இன்னா மாஸ்டர், காரமா போச்சா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுவேன்.

ஒரு மதியம், ஆக்னஸ் மருந்து வாங்கப் போயிருந்தாள். ஏழுமலை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ரொம்ப நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லல."

"சொல்லுங்க ஏழுமலை."

"ரெண்டாவது பிளேன் ஏறச்சொல்லோ எனக்குப் போன் பண்ணான். சின்ன பிளேனுப்பா, பஸ்ஸு மாதிரி கீதுன்னான். நாந்தான் சொன்னேன், முன்னாடி சீட்டா பாத்து ஒக்காருடா, பின்னாடி ஒக்காந்தா தூக்கித் தூக்கிப் போடும், கொடலு வாய்க்கு வந்துடும்னு. இருவது வருசமா பஸ்ஸு ஓட்டிக்கினு கீறேன், எனக்கு அதுதான் தெரியும். பின் டயருக்கு அந்தாண்ட ஒக்காரக் கூடாது. எல்லாப் புள்ளைங்களுக்கும் அதத்தான் சொல்லுவேன்." கொஞ்சம் நிறுத்தினார். "டிவில காட்டுனாங்க. பின்னாடி ஒக்காந்தவங்கதான் பொழைச்சாங்களாம்."

நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"நான் போன்ல சொன்னத அவங்கம்மா அடுப்பாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தா. அன்னிலேருந்து எங்கிட்ட பேசறது இல்ல மாஸ்டர். சோறு போட்டு வெச்சிட்டு உள்ள போயிடுவா. திட்டுனாகூடத் தேவல. எம்புள்ளய நானே போய் முன்னாடி ஒக்கார வெச்சிட்டேன்."

அவர் அழவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார், வியர்வையைத் துடைக்கிற மாதிரி. நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அடப்பாவி, சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? உங்கள் பையன் நீங்கள் சொன்னதைக் கேட்கவே இல்லை, பின்னால்தான் உட்கார்ந்தான், நான்தான் கிளப்பி அனுப்பினேன் என்று நான்கு வார்த்தை. மைதானத்தில் ஒருவன் கால் ஒரு அங்குலம் கோட்டைத் தாண்டினால் தெருமுனை வரைக்கும் கேட்கக் கத்துகிற வாய் இது. மென்று முழுங்கினேன். "வருத்தப்படாதீங்க ஏழுமலை" என்றேன். இந்தப் பிறவியில் நான் செய்த ஈனத்தனங்களில் அதற்கு மேல் ஒன்றில்லை.

அதற்கப்புறம் அவர் கை என் இடுப்பில் படும்போதெல்லாம் உடம்பு கூசியது. வார்டில் எதிர்வரிசைக் கட்டில்களில் தெரிகிற தலைகளை என்னையறியாமல் எண்ண ஆரம்பித்தேன். எண்ணி முடித்ததும் ஒன்று குறைகிறது என்று தோன்றும். மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவேன். ஊசி போட வந்த நர்ஸ், "என்ன மாஸ்டர், முணுமுணுன்னு ஜெபமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோயில் சாமியார் நற்கருணை கொண்டுவந்தார். திரையை இழுத்துவிட்டு, சீட்டு மாற்றின பாவத்தை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்று சிலுவை போட்டுவிட்டுப் போனார். நல்லது. அரை மணி நேரத்தில் ஏழுமலை இட்லியோடு வந்து நின்றார். கடவுள் மன்னித்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஆக்னசிடம் சொன்னேன். அவள் நைட்டியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"சொல்லிடுங்க" என்றாள்.

"சொன்னா அவர் வரமாட்டார்."

"வரலன்னா வராம போவட்டும். உங்க இடுப்ப நான் பிடிக்கிறேன். அந்தப் பொம்பள புருஷன்கிட்ட பேசாம எத்தினி நாளு இருப்பா? நீங்க இங்க இட்லி துன்னுக்கிட்டு இருக்கீங்க."

"பிரவீன் பேரும் வரும். தினா சீட்டுலதான் இவன் பொழைச்சான்னு நாளைக்கு அந்தப் பையன ஊரே பேசும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "பையன் மேல பழி போட்டு நீங்க தப்பிக்காதீங்க" என்றாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவள், என் கள்ளத்தனம் அவளுக்குத் தெரியாதா.

பிரவீன் அதே ஆஸ்பத்திரியில் கீழ்மாடியில் இருந்தான், தொடை எலும்பில் கம்பி. அடுத்த நாள் கைத்தடிகளை ஊன்றிக்கொண்டு அவனே மேலே வந்தான். இளைத்துக் கறுத்துப்போயிருந்தான். ஏழுமலை இருக்கிறாரா என்று முதலில் வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டான்.

"அவுரு கீழயும் வர்றாரு மாஸ்டர். ஆரஞ்சுப் பழம் குடுத்துட்டு என் தலையத் தடவிட்டுப் போறாரு. அவுரு வர்ற சத்தம் கேட்டா நான் போயி பாத்ரூம்ல நின்னுக்கறேன். கால் வலிக்குது, ஆனா நின்னுக்கறேன்."

"டேய்..."

"நீங்க சொல்லுங்க மாஸ்டர். எம்பேரையும் சேத்துச் சொல்லிடுங்க. என்னால முடியல."

பத்தொன்பது வயசு. அவன் சொன்னதற்கப்புறமும் நான் படுத்துக் கிடந்தால் நான் மனுஷனே இல்லை.

மறுநாள் காலை ஏழுமலை வந்து கேரியரைத் திறக்கப் போனார். "வேண்டாம், மொதல்ல உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கூரையைப் பார்த்தபடியே சொன்னேன். என் வரிசைப் பழக்கத்தைச் சொன்னேன். தினா கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்ததைச் சொன்னேன். எழுப்பி அனுப்பியதைச் சொன்னேன். பிரவீனைக் கூப்பிட்டதும் நான்தான், அந்தப் பையனுக்கு இதில் ஒன்றும் இல்லை என்றேன். இத்தனை நாளாக வாயை மூடிக்கொண்டு அவர் இட்லியைத் தின்றதையும் சொன்னேன்.

பிறகு ஏழுமலை கேட்டார்.

"அப்போ நான் சொன்னத அவன் கேக்கவே இல்லியா?"

"இல்ல."

"பின்னாடிதான் ஒக்காந்தானா?"

"ஆமா ஏழுமலை."

"எந்நாளும் நான் சொன்னதக் கேக்கமாட்டான் மாஸ்டர்" என்றார். சொல்லிக்கொண்டே வரும்போது குரல் உடைந்துவிட்டது. அப்படியே கட்டில் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். வார்டே திரும்பிப் பார்த்தது. நான் என் கையை அவர் தலைமேல் வைக்கலாமா என்று யோசித்தேன். எந்த உரிமையில் வைப்பது? வைக்கவில்லை.

நர்ஸ் வந்தாள். அவளுக்கு என்ன தெரியும், கடிகாரத்தைப் பார்த்துத்தானே வருகிறாள். "திருப்பணும் மாஸ்டர். அண்ணே, கொஞ்சம் இடுப்பப் பிடிங்க" என்றாள். ஆக்னஸ் ஓடிவந்து, "நான் பிடிக்கிறேன் சிஸ்டர்" என்றாள். ஏழுமலை நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு இடுப்புக்கடியில் கொடுத்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு. எப்போதும் போலவே பதமாகத்தான் திருப்பினார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கையைத் தளர்த்தியிருக்கலாம். நான் சத்தம் போட்டிருக்க மாட்டேன்.

திருப்பி முடித்ததும் சொன்னார், "இத நீங்க அவகிட்டச் சொல்லணும் மாஸ்டர். நான் சொன்னா நம்பமாட்டா. தப்பிக்கறதுக்குக் கத கட்டுறேன்னு நெனைப்பா."

"கூட்டிக்கிட்டு வாங்க" என்றேன்.

இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் இருவரும் வந்தார்கள். அவர் முன்னால், அவர் மனைவி வள்ளி பத்தடி பின்னால். மேட்சுக்கு வந்து பையன்களுக்கெல்லாம் மோர் ஊற்றிக்கொடுக்கிற அம்மா. கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள். இப்போது பாதியாகிப் போயிருந்தார். ஆக்னஸ் ஸ்டூலைப் போட்டாள். வள்ளி உட்கார்ந்தார். ஏழுமலை தூரத்தில் தூண் ஓரமாக, கூப்பிட்டால் வருகிற தூரத்தில் நின்றார்.

அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். வள்ளி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போன்னு நீங்க சொன்னப்போ அவன் என்னா சொன்னான் சார்?"

இதைத்தான் நான் சாமியாரிடமும் சொல்லவில்லை, ஆக்னசிடமும் சொல்லவில்லை, ஏழுமலையிடமும் சொல்லவில்லை. பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. 'சரி மாஸ்டர்னு சொல்லிட்டு சிரிச்சிக்கிட்டே போனாம்மா' என்று சொன்னால் அந்த அம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கும் இருக்கும். எனக்கும் இருக்கும் என்பதாலேயே சொல்லவில்லை.

"பயமா இருக்கு மாஸ்டர், ஒங்க பக்கத்துலயே ஒக்காந்துக்கறேன்னான். இந்த ஒரு தடவ மட்டும்னான்" என்றேன். "பொட்டச்சி மாதிரி பயப்படாதடா, முன்னாடி போய் உட்காருடான்னு கத்துனேன். எழுந்து போயிட்டான்."

ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். வள்ளி கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன். என் இரண்டு காலும் விளங்காமல் போகட்டும் என்று அவர் சொன்னால், ஆமென் என்று சொல்லத் தயாராக இருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். தூண் பக்கம் போனார். ஏழுமலை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். வள்ளி அவர் சட்டைக் காலரில் மடங்கியிருந்ததை நேராக இழுத்துவிட்டார்.

"காலையிலேருந்து ஒண்ணும் துன்னலையே நீங்க" என்றார். "வாங்க, ஊட்டுக்குப் போலாம்."

இருவரும் போனார்கள், இப்போது பக்கத்தில் பக்கத்தில். ஏழுமலை வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வள்ளி திரும்பவில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பிறகு என்னிடம் அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.